முப்பத்தேழாம் சால்

எனக்கு மூக்கின் மேல் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் விஷயத்தில் நடந்த தவறுகளில் பாதி என் மறதியால் வந்தது, மீதி என் வாயால் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் நான் சொன்னதை அப்படியே செய்தவர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் சில வருடங்கள் அவை. நான் பயிர் ஆராய்ச்சியில் உதவியாளராக இருந்தேன். என் வீட்டுக்காரர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். நல்லூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் நிட்டிங் மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தோடுதான் நான் சோள மணிகளை எண்ணுவேன், அவர் தூங்குவார். மெஷின் நின்றால் இரண்டு பேருக்கும் விழிப்பு வந்துவிடும்.

என் வேலை சோளத்தில்தான். ஆனால் அதற்கு வித்து போட்டது பார்லி. நமக்குப் பார்லி என்றால் நீர்க்கடுப்புக்குக் காய்ச்சுகிற கஞ்சி, அவ்வளவுதான். மழை குறைந்த தூர தேசங்களில் அதுதான் ஆட்டுக்கும் ஆளுக்கும் சோறு. அங்கே பார்லியில் புது ரகம் உண்டாக்குகிறவர்கள் எழுதியிருந்ததை எங்கள் துறையின் பெரியவர் ஒருநாள் என் மேஜையில் வைத்தார். தண்ணீர் பாய்கிற ஆராய்ச்சிப் பண்ணையில் பொறுக்கி எடுத்த செடி, விவசாயியின் காய்ந்த நிலத்துக்குப் போனதும் கைவிட்டுவிடுகிறது, அதனால் பொறுக்குகிற வேலையையே காய்ந்த நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பெரியவர் அதைத் தன் பாணியில் சொன்னார்.

"மாப்பிள்ளையை மண்டபத்துல வச்சுப் பாத்து முடிவு பண்ணக்கூடாதும்மா. மாசக் கடைசியில போய்ப் பாக்கணும்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சோளத்தில் அதையே செய்கிறேன் என்று அவர் பின்னாலேயே நடந்து அனுமதி வாங்கினேன். நல்ல மழையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற சோளம் எனக்கு வேண்டாம். வானம் ஏமாற்றிய வருடத்திலும் வெறுங்கையோடு அனுப்பாத ஒரு சோளம் வேண்டும். அதை மோட்டார் இல்லாத, கிணறு இல்லாத நிலத்தில் தேடுவது என்று முடிவாயிற்று.

அப்படிக் கிடைத்ததுதான் அவிநாசிபாளையத்தில், தாராபுரம் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்த அரை ஏக்கர். கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், மழையை நம்பியிருந்தால் காடு. இது காடு. ஐம்பது வயதைத் தொட்ட ஒரு அக்காவுடையது. கணவர் இல்லை. மகள் கல்யாணமாகி வெள்ளகோவில் பக்கம் போய்விட்டாள். ஒரு பசுவும் ஓர் எருமையும் அவருமாக இருந்தார்கள். கதிர் எனக்கு, தாளும் இலையுமான தட்டு அவருக்கு என்று பேசிக்கொண்டோம்.

"கதிர நீங்களே எடுத்துக்குங்க கண்ணு. எனக்குத் தட்டு போதுமுங்க. மனுசருக்கு ரேசன்ல அரிசி போடறாங்க. மாட்டுக்கு ஆருங்க போடறாங்க?" என்றார்.

அறுபது வகைச் சோளம், முதல் செடியில் எண் போட்ட டேக்கை நூலால் கட்டி, வகைக்கு ஒரு வரிசை. நான் அவற்றை லைன் என்று சொல்வேன், எங்கள் துறையில் எல்லாரும் அப்படித்தான். ஒரே வம்சத்தில் வருகிற செடிகளின் கூட்டம் ஒரு லைன். அந்த அக்கா, உழவு கீறின வரிசை என்ற கணக்கில், சால் என்பார். "ஏனுங்க கண்ணு, உங்க ஒன்பதாஞ் சால்ல எலி வளை வெச்சிருக்குதுங்க" என்பார். நான் மனத்துக்குள் 'லைன் ஒன்பது' என்று திருத்திக்கொண்டு நோட்டில் எழுதுவேன். அந்தத் திருத்தம் எனக்குள் ஏன் ஓடிற்று என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் வருடம் லைன் முப்பத்தேழு பத்தோடு பதினொன்று. நோட்டில் 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இரண்டாம் வருடம் மழை குறைந்தபோது அது சுமாராகத் தேறியது. மூன்றாம் வருடம் புரட்டாசியில் ஒரு மழை பெய்து விதைத்தோம். முளைத்ததெல்லாம் கருகிப் போயிற்று. ஐப்பசியில் இன்னொரு மழை வந்தது. கைவசம் சேமித்து வைத்திருந்த விதையை, ஒரு மணி மிச்சமில்லாமல், மறுபடி விதைத்தேன். அதன் பிறகு கார்த்திகையில் ஒரு தூறல். அவ்வளவுதான் அந்த வருடத்து மழை.

மார்கழிக்குள் காடு முழுக்க ஓலைப்பாய் நிறத்துக்கு வந்துவிட்டது. முப்பத்தேழு மட்டும் பச்சையாக நின்றது. உச்சி வெயிலில் இலையைச் சுருட்டிக்கொள்ளும், சாயங்காலம் விரித்துக்கொள்ளும். மற்ற வரிசைகளில் கதிர் பாதி பதராக, சாவியாக இருந்தபோது அதில் மணி பிடித்திருந்தது. நான் வேலை இல்லாத நாளிலும் பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். "உன் ஆளு எப்படி இருக்கான்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "உங்களை விட நல்லா இருக்கான். வெயிலுக்கு முணுமுணுக்க மாட்டேங்கான்" என்பேன்.

கதிர் முற்றும்போது குருவித் தொல்லை. வீட்டுக்காரர் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன குழந்தைச் சட்டைகளின் கைகளை ஒரு மூட்டை நிறையக் கொண்டு வந்தார். தைக்காமல் ஒதுக்கிய கைகளை நானே மடித்துத் தைத்து, கதிருக்குக் கதிர் மாட்டி, மேலே நூலால் கட்டினேன். சிவப்பு, மஞ்சள், ஊதா, கோடு போட்டது, வாத்துப் படம் போட்டது. தாராபுரம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்த அக்காவுக்கு அதில் பெருமை. "பள்ளிக்கோடம் உட்ட மாதர இருக்குதுங்க நம்ம காடு" என்பார்.

பெரியவர் ஒருநாள் வந்து பார்த்தார். முப்பத்தேழின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்: "வரிசைக்கு வரிசை எடை வேணும். இதோட விதை தனியா வேணும். அதைவிட, அந்த விதையிலருந்து வர்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டைன்னா அது ரகம் இல்லம்மா, கூட்டம். இந்த வருஷம் கொண்டு வா. இல்லன்னா அடுத்த வருஷம் இந்தக் காட்டுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது."

ஆகவே அந்த அறுவடையில்தான் எல்லாம் இருந்தது. மூன்று வருட அலைச்சல், அடுத்த வருடத்து அனுமதி, முப்பத்தேழு. வேறு விதை உலகத்தில் எங்கும் கிடையாது.

தை கடைசியில் அறுக்க வேண்டும், ஆள் கிடைக்கவில்லை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து சுற்றுப்பட்டு ஊர்களில் கை கால் உள்ளவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டுக்காரர்தான் யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர் கம்பெனியின் பெண்கள் எட்டுப் பேரைக் கூட்டிவருகிறேன் என்றார். டெய்லர்கள், செக்கிங், பேக்கிங் எல்லாம் கலந்த கூட்டம். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு தூத்துக்குடிக்காரி. என் வயதுதான் இருக்கும். செக்கிங்கில் பத்து வருடம். நூல் பிசிறு ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பாது என்று வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, தோளில் எப்போதும் ஒரு கைப்பை. டெம்போவிலிருந்து இறங்கியதும் காட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, அந்த வாத்துப் படக் கையை ரிஜெக்ட் பண்ணுனதே நான்தான். இங்க வந்து மாட்டிக்கிட்டு நிக்கி" என்றாள்.

எல்லாரும் வெளியூர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போல உற்சாகமாக இருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிவாளைப் பதம் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசைக்கு ஒன்றாக எண் எழுதித் தைத்து வைத்திருந்த அறுபது பைகளையும் நல்லூர் வீட்டின் கதவுக் கொக்கியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்காரரைத் திட்டினேன். பைகளை மறந்தது நான், திட்டு வாங்கியது அவர். அது எங்கள் வீட்டு வழக்கம். அவர் பைக்கை உதைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டு, ஓடுகிற வண்டிச் சத்தத்துக்கு மேல் குரல் உயர்த்திச் சொன்னேன்.

"லைன் வாரியா வெட்டிக் கட்டி வைங்க. டேக் பத்திரம். ஒண்ணுகூடத் தொலையக்கூடாது."

"சரிக்கா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள் தூத்துக்குடிக்காரி.

காட்டுக்கார அக்கா அப்போது பால் ஊற்றப் போயிருந்தார்.

போகிற வழியில் டயர் பஞ்சர். பைகளை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் இட்லிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்ப இரண்டரை மணி நேரம் ஆயிற்று. காட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது மண்ணில் குச்சியால் எழுதியிருந்த மூன்று பெரிய எழுத்துகள். எஸ். எம். எல்.

அவர்கள் லைன் போட்டிருந்தார்கள். கம்பெனியில் லைன் என்றால் அதுதானே. மெஷின்கள் வரிசையாக இருக்கும். ஒருத்தி தோள் தைப்பாள், அடுத்தவள் கை ஏற்றுவாள், அடுத்தவள் கழுத்து வைப்பாள். துணி கை மாறிக் கை மாறிக் கடைசியில் முழுச் சட்டையாக வெளியே வரும். அந்த முறையில் இவர்கள் ஒருத்தி வெட்ட, ஒருத்தி துணிக்கையைக் கழற்ற, ஒருத்தி டேக்கை நூல் வெட்டி எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட, ஒருத்தி காம்பில் ஒட்டிய இலையைப் பிசிறு நறுக்க, தூத்துக்குடிக்காரி செக்கிங் பார்க்க, இன்னொருத்தி சாண் வைத்து அளந்து சைஸ் பிரிக்க, ஒருத்தி டஜன் டஜனாகக் கட்ட, கடைசி ஆள் அடுக்கியிருந்தாள். நான் எட்டுப் பேருக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டிருந்த வேலை அது. அறுபது வரிசையும் முடிந்திருந்தது. கட்டுகள் எல்லாம் ஒரே அளவு. அவ்வளவு அழகான அறுவடையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தூத்துக்குடிக்காரி கவரை என்னிடம் நீட்டினாள்.

"முடிச்சாச்சுக்கா. சைஸ் வாரியா இருக்கு. பூச்சி விழுந்தது, சொத்தை எல்லாம் அந்த ஓரத்துல ரிஜெக்ட்ல கிடக்கு. டேக் அறுபதும் இருக்கு, எண்ணிக்கிடுங்க."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். எனக்குத் தாழி உடைந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. முப்பத்தேழின் கதிர்கள் எந்தக் கட்டில் இருக்கின்றன? எல்லாக் கட்டிலும் இருக்கலாம். அந்த அறுபது வகையும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கைகள். செடியில் நிற்கும்போது வேறுபாடு தெரியும். வெட்டிய கதிரில் பெற்றவளுக்கே தெரியாது. நான் கவரை வாங்கித் தரையில் வீசினேன். அதன்பின் என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை, ஒன்றைத் தவிர. "துணி மடிக்கிற கைக்கு இதுக்கு மேல என்ன தெரியும்" என்று சொன்னேன். அது மட்டும் மறக்கவில்லை.

ஒருத்தி அரிவாளைத் துடைத்து வரப்பில் வைத்தாள். காட்டுக்கார அக்கா பால் பாத்திரத்தோடு திரும்பி வந்து வெகுநேரமாக அங்கேதான் நின்றிருந்தார். நான் சொல்லித்தான் இப்படிச் செய்கிறார்கள், படித்தவர்கள் முறை போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். "கண்ணு, அப்பிடிப் பேசாதீங்க. தப்புங்க" என்றார். பெண்கள் டெம்போவில் ஏறிக்கொண்டார்கள். இட்லிப் பொட்டலங்கள் பைக்கின் கைப்பிடியில் தொங்கியபடியே நல்லூருக்குத் திரும்பி வந்தன.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் வீட்டுக்காரர் கேட்டார்.

"அவங்ககிட்ட நீ சொன்ன சொல்லு என்ன?"

"லைன் வாரியான்னு சொன்னேன்."

"அப்ப அவங்க செஞ்சது என்ன?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கம்பெனி லைன் என்ன என்பது எனக்குத் தெரியாததா? எட்டு வருடமாக ராத்திரிச் சாப்பாட்டோடு அதைத்தானே அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரிசை என்று சொல்லியிருக்கலாம். சால் என்று சொல்லியிருக்கலாம். அந்த அக்கா மூன்று வருடமாக என் காதில் போட்டுக்கொண்டிருந்த சொல் அது. அந்த இட்லியை நான் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார். அவருக்கு எந்தத் துக்கத்திலும் பசிக்கும். அதுவும் எனக்கு அவரிடம் பிடித்த ஒன்றுதான்.

புதன்கிழமை கயிறையும் அளவுக் குச்சிகளையும் எடுத்துவரக் காட்டுக்குப் போனேன். தட்டெல்லாம் அறுபட்டுப் போராகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு வரிசை நின்றது. நோட்டில் வரைந்திருந்த படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. காய்ந்த காட்டின் நடுவில் தலையில்லாமல், பச்சையாக நின்றது முப்பத்தேழு.

"ஏங்க்கா, இதை மட்டும் விட்டுட்டீங்க?" என்றேன்.

"அறுக்கலாமுன்னுதானுங்க போனேன். அடியில பாருங்க கண்ணு. மறுதாம்பு விட்டுருக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். தூரில், மண்ணை ஒட்டி, நகக்கண் அளவுக்கு இரண்டு மூன்று முளைகள் எட்டிப் பார்த்தன. அறுத்த கட்டையிலிருந்து சோளம் மறுபடி துளிர்ப்பது புதிதல்ல. அதற்கு மழை வேண்டும். மழையே இல்லாமல், தலையை வெட்டிய நான்காம் நாள், இந்த வெயிலில் இது துளிர்க்கப் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புத்தகத்தில் படித்ததெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இப்போது அடியோடு தட்டை வெட்டி, தூருக்குத் தண்ணீர் காட்டினால், சித்திரைக்குள் இன்னொரு தடவை கதிர் வரும். செடி அதே செடி. கலப்படத்துக்கு வழியே இல்லை. சுற்று வட்டாரத்தில் பூக்கிற சோளம் இன்னொன்று இருக்கப்போவதில்லை.

தண்ணீருக்கு எங்கே போவது? அந்த ஊரில் குழாயில் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. இன்னொரு பயமும் இருந்தது. வறட்சியில் துளிர்க்கிற சோளக் குருத்தை மாடு தின்றால் விஷம். அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. காட்டில் குருத்தை விட்டு வைப்பது பசுவையும் எருமையையும் கத்திக்குப் பக்கத்தில் கட்டி வைப்பது போலத்தான். அதை நான் கேட்கத் தயங்கினேன். அக்கா தானே சொன்னார்.

"மாட்ட நாம் பாத்துக்கறேனுங்க. ஊட்டுல தொட்டி கழுவற தண்ணி இருக்குது, அரிசி களஞ்ச தண்ணி இருக்குது. பத்தாதுங்க. மீதிக்கு நீங்க வழி பண்ணுங்க."

அடுத்த ஞாயிறு காலையில் அருள்புரம் போனேன். தூத்துக்குடிக்காரி இருந்தது லைன் வீட்டில். ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்த ஊரில் லைன் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முக்காலியை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"நான் சொன்னது தப்பு. வார்த்தையும் தப்பு, பேச்சும் தப்பு. மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் கையிலிருந்த நுரையை வழித்துவிட்டாள்.

"கோவம் வந்துச்சுக்கா. பொய் சொல்ல மாட்டேன். துணி மடிக்கிற கைன்னு சொன்னிய பாருங்க, அதுலதான். செக்கிங்னா மடிக்கிறது இல்லக்கா." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தக் கதிரை ஆல்ட்டருக்கு அனுப்ப வழியே இல்லியா?"

கம்பெனியில் குறையோடு வந்த சட்டையைத் தூக்கி எறிய மாட்டார்கள். பிரித்துத் திரும்பத் தைக்க அனுப்புவார்கள். அதுதான் ஆல்ட்டர். வழி இருக்கிறது, செடியே ஆல்ட்டருக்குப் போயிருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்றேன். அவள் தலையைத் திருப்பி, வரிசையாக இருந்த கதவுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். நான்கைந்து பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் மூன்று பேர் அன்றைக்குக் காட்டில் இருந்தவர்கள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அது வேண்டும்தான்.

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை ஆளுக்கு ஒரு கேன். என் முறைத் தண்ணியில நான் தாரேன். உங்க இஷ்டம்" என்றாள்.

அவர்களுக்கே முறை வைத்துப் பிடிக்கிற தண்ணீர் அது. மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிறு தவறாமல் கேன்கள் வந்தன. சில வாரம் எட்டு, சில வாரம் மூன்று. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் முறைப்பார். தூத்துக்குடிக்காரி ஒரு வாரமும் தவறவில்லை. கம்பெனி வேஸ்ட் துணியை முறுக்கிக் கயிறாக்கி அந்த ஒற்றை வரிசையைச் சுற்றி வேலி கட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்ட மூன்று பேரும் மூன்றாவது வாரத்திலிருந்து என்னிடம் பேச ஆரம்பித்தார்கள். முதலில் தண்ணீரைப் பற்றி, பிறகு மாமியார்களைப் பற்றி.

பங்குனியில் ஒருநாள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வேலிக்குள் தலையை விட்டுவிட்டது. நான் மறுநாள் போனபோது அக்கா மாட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"கண்ணு, கோவிச்சுக்காதீங்க. மாடு..."

"மாட்டுக்கு என்னக்கா? எப்படி இருக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெல்லத்தக் கரச்சுக் குடுத்தேனுங்க. பொழுதுக்கும் தள்ளாடிட்டுக் கெடந்துது. இப்பத் தேவலீங்க. ஆறு தூரு போச்சுங்க கண்ணு." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க வந்ததும் சாலத்தான் கேப்பீங்கன்னு நெனச்சேன். மொதல்ல மாட்டக் கேட்டுப்போட்டீங்க."

எனக்கே அது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் போய்ப் பசுவின் நெற்றியைத் தடவிவிட்டு வந்தோம்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. கால் மணி நேரம்தான். அது போதுமாக இருந்தது. மாதக் கடைசியில் கதிர் முற்றியது.

அந்த விதை அதன்பின் பெரியவர் மேஜைக்குப் போனதும், வரிசை எடை இல்லாததால் அவர் திட்டியதும், திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டதும், முப்பத்தேழு வேறு காடுகளுக்குப் போய் வேறு சோளங்களுக்குத் தாயானதும் நீளமான விஷயங்கள். அவர் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் எடை அல்ல. காரணம் இரண்டாம் அறுவடை நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்தது.

அன்று ஐந்து பேர் வந்திருந்தார்கள். இருந்தது ஒரே வரிசை. பிரிக்க ஒன்றுமில்லை, கலக்கவும் ஒன்றுமில்லை. "சொல்லுங்கக்கா, எப்படி வெட்டணும்?" என்றாள் தூத்துக்குடிக்காரி. முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சால் வாரியா" என்றேன். காட்டுக்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கதிர்கள் சிறியவை. முதல் வெட்டில் இருந்ததில் பாதி இருக்கும். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வெட்டிய கதிர்களைச் சாக்கின் மேல் பரப்பினோம். அவள் கைப்பையைத் திறந்து இன்ச் டேப்பை எடுத்தாள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கதிராக எடுத்தாள். நீளம் வைத்தாள், சுற்றளவு வைத்தாள், வெயிலில் தூக்கிப் பிடித்து மணியின் நிறம் பார்த்தாள், புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள், கீழே வைத்தாள். அவசரமே இல்லை. பத்து வருடம் சட்டைகளைப் பார்த்த கண் என் சோளத்தைப் பார்த்தது. இருபத்து நான்கு கதிர். கடைசிக் கதிரை வைத்துவிட்டு டேப்பைச் சுருட்டினாள்.

"எல்லாம் எஸ்ஸுதான்க்கா. ஆனா நூல் அளவு வித்தியாசம் இல்ல. கலரும் ஒண்ணுதான். எங்க கம்பெனியிலயே இப்படி ஒரு லாட் நான் பாத்ததில்ல. பாஸ்."

பெரியவர் கேட்டது அதைத்தான். மூன்று வருடமாக நான் நோட்டில் தேடியதும் அதைத்தான். அளந்து சொன்னது நான் அவமானப்படுத்திய கை. நான் அங்கேயே, எல்லார் முன்னாலும், சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கதிர்களைக் கட்டி, வாத்துப் படம் போட்ட ஒரு கைத்துணிக்குள் நுழைத்து முடிந்தாள். பிறகு கைப்பைக்குள் மறுபடி கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன் நான் மண்ணில் வீசியது. அதிலிருந்து ஒவ்வொரு டேக்காகத் தள்ளி, முப்பத்தேழை எடுத்துக் கட்டின் கழுத்தில் கட்டினாள். மீதிக் கவரை என்னிடம் நீட்டினாள்.

"பத்திரம்னு சொன்னியள்லா. அறுபதும் இருக்குக்கா, எண்ணிக்கிடுங்க."

நான் எண்ணவில்லை.